அவசர சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கைகொடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். நள்ளிரவில் காலில் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தவர்கள், நோயாளியை உள்ளே கொண்டுபோன மறுநிமிடமே என் மேசைக்கு வந்து கேட்ட கேள்விகள் இவை. அந்த நேரத்தில் நின்று பொறுமையாக விளக்க முடியாது, கேட்கிறவர்கள் காதிலும் ஏறாது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும் ஒரு நாளில் இதைப் படித்துவிடுங்கள். பாலிசிக்குப் பாலிசி, நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடும். ஆனாலும் அடிப்படைக் கணக்கு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நெஞ்சுவலி வந்தால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட வேண்டுமா?

வேண்டாம். முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுப்பதுதான் வழக்கம். அதிலும் முன்னதாகக் கொடுக்கக் கொடுக்கப் பலன் அதிகம். இந்த நேரத்தை எந்தக் கஸ்டமர் கேர் லைனிலும் செலவழிக்கக் கூடாது.

பாலிசி அப்படி அவசரப்படுத்துவதும் இல்லை. முன்கூட்டியே திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால்தான் இரண்டு மூன்று நாள் முன்பே தெரிவிக்கச் சொல்வார்கள். அவசர சேர்க்கைக்குப் பெரும்பாலான பாலிசிகள், சேர்த்த 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தால் போதும் என்கின்றன. சில 48 மணி நேரம் தருகின்றன. தகவலை நோயாளிதான் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை, உறவினரோ மருத்துவமனை ஊழியரோ சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது ஒரு பதிவு எண் தருவார்கள். அந்த எண்ணையும் பேசிய நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘தாமதமாகச் சொன்னீர்கள்’ என்று பிறகு பேச்சு வந்தால் அந்த ஒரு வரி போதும்.

இன்னொரு நேரத்தையும் குறித்து வையுங்கள்: அறிகுறி எப்போது தொடங்கியது என்பது. பக்கவாதத்தில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?’ என்பதுதான். சிகிச்சையைத் தீர்மானிப்பது அந்த விடை. பின்னால் கிளைமுக்கும் அதுவே சாட்சி.

எது அவசரம், எது அவசரம் இல்லை என்று யார் முடிவு செய்கிறார்கள்? மாரடைப்பு என்று பயந்து ஓடினோம், வெறும் வாயுத்தொல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பணம் கிடைக்குமா?

பலர் தயங்கி வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவது இந்தப் பயத்தால்தான். அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருத்துவம் படிக்காத, சராசரி விவரம் தெரிந்த ஒரு மனிதர் அந்த அறிகுறியைப் பார்த்தால் ‘உடனே போகாவிட்டால் ஆபத்து’ என்று நினைப்பாரா? நியாயமான அளவுகோல் இதுதான். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான திட்டங்களுக்கு இதையே கட்டாயமாக்கியது. கடைசியில் என்ன நோய் என்று தெரிந்ததோ அதைப் பார்த்து மட்டும் மறுக்கக் கூடாது, வரும்போது இருந்த அறிகுறியைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். மற்ற நாடுகளில் பாலிசிகள் ‘திடீரென, எதிர்பாராமல் ஏற்பட்டு உடனடி மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் நிலை’ என்பது போன்ற வாசகத்தைப் பயன்படுத்துகின்றன. இரண்டிலும் கேள்வி ஒன்றே: உள்ளே நுழைந்தபோது நிலைமை என்ன?

அது தெரிவது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில். ஒரே நோயாளியைப் பற்றி இரண்டு விதமாக எழுதலாம். ‘நெஞ்சு எரிச்சல், வாயு, இரண்டு நாளாக’ என்று ஒன்று. ‘இரவு 2 மணியிலிருந்து நடுநெஞ்சில் அழுத்தம், இடது தோள்வரை பரவுகிறது, வியர்த்துக் கொட்டியது, சர்க்கரை நோய் உண்டு, அண்ணனுக்கு 45 வயதில் மாரடைப்பு’ என்று இன்னொன்று. இரண்டாவதைப் படிக்கிற எந்த அதிகாரியும் ‘ஏன் ஓடிவந்தீர்கள்?’ என்று கேட்க மாட்டார். ஆகவே டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லும்போது நீங்களாக நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள். ‘வாயுவாகத்தான் இருக்கும் சார்’ என்று நாம் சங்கோஜத்தோடு சொல்வது அப்படியே பேப்பரில் ஏறிவிடும். உடம்பில் என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். அது நெட்வொர்க்கில் இல்லையாம். என்ன ஆகும்?

நீங்கள் செய்தது சரிதான். நெட்வொர்க் என்பது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியல். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு இரண்டு ஆஸ்பத்திரிகளைத் தாண்டிப் போகச் சொல்லி எந்த நல்ல பாலிசியும் எதிர்பார்ப்பதில்லை.

நெட்வொர்க்கில் இல்லாவிட்டால் வழக்கமாக கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் வசதி, கிடைக்காது. நீங்கள் கட்டிவிட்டு பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்க வேண்டும். ஆனாலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், அவசர சேர்க்கை என்பதற்காக நெட்வொர்க்குக்கு வெளியிலும் அனுமதிப்பது உண்டு. அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அவசர சிகிச்சைக்கு நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையும் நோயாளியிடம், நெட்வொர்க்கில் இருந்தால் அவர் கட்ட வேண்டிய பங்குக்கு மேல் வசூலிக்கக் கூடாது. ஹெலிகாப்டர், விமான ஆம்புலன்ஸுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. சாலையில் ஓடும் சாதாரண ஆம்புலன்ஸை மட்டும் அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. அங்கே இருப்பவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

இதில் எல்லோரும் தவறவிடும் கட்டம் ஒன்று உண்டு. நோயாளி ‘நிலைப்பட்டுவிட்டார்’ என்று டாக்டர் எழுதிய பிறகு பல பாலிசிகளின் பார்வையில் அவசரம் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் அதே இடத்தில் தொடர்வது உங்கள் விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் முதல் நாள் பதற்றம் அடங்கியதும் இரண்டு பேரிடம் பேசுங்கள். டாக்டரிடம், இவரை இப்போது வேறு இடத்துக்கு மாற்றுவது பாதுகாப்பா என்று. கம்பெனியிடம், இங்கேயே தொடர்ந்தால் எதுவரை தருவீர்கள் என்று. மாற்றக் கூடாது என்பது டாக்டரின் முடிவானால் அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று சொல்ல முடியுமா?

உயிர் போகும் நிலையில் சொல்லக் கூடாது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உயிர்காப்பது அவரவர் கடமை, போலீஸ் நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு காப்பீடு) பணம் வாங்கும் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவும், வருகிறவருக்குக் காப்பீடு இருக்கிறதா, பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, அவசர நிலை என்றால் நிலைப்படுத்த வேண்டும்.

ஆனால் சிகிச்சை மறுக்கக் கூடாது என்பதால் சிகிச்சை இலவசம் என்று ஆகிவிடாது. பில் பின்னால் வரும்.

ஆறு மணி நேரம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளைம் உண்டா?

பாலிசியின் வகையைப் பொறுத்தது. உள்நோயாளி சிகிச்சைக்கு மட்டும் பணம் தரும் பாலிசிகளில் குறைந்தது 24 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சகஜம். கண்புரை அறுவை, டயாலிசிஸ் போன்ற, அன்றே வீடு திரும்பும் டே கேர் சிகிச்சைகளுக்கு விலக்கு உண்டு. அவசரப் பிரிவில் ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, இசிஜி எடுத்து அனுப்பினால் அது புறநோயாளிக் கணக்கில் போய்விடும். ஓபிடி (புறநோயாளி) பலன் சேர்த்து வாங்கிய பாலிசி என்றால் கிடைக்கும்.

படுக்கையில் படுத்திருந்தாலே உள்நோயாளி என்று நினைத்துவிடாதீர்கள். ‘கண்காணிப்பில்’ என்று எழுதுவது வேறு, ‘சேர்க்கப்பட்டார்’ என்று எழுதுவது வேறு. அமெரிக்க மெடிகேர் திட்டத்தில் இரவெல்லாம் கண்காணிப்பில் இருந்தாலும் அது புறநோயாளிக் கணக்குதான். எந்த நாட்டில் இருந்தாலும் ‘இவரை அட்மிட் பண்ணியிருக்கிறீர்களா, கண்காணிப்பில் வைத்திருக்கிறீர்களா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

24 மணி நேரத்தை நிரப்புவதற்காகவே தேவையில்லாமல் படுக்க வேண்டாம். அந்தத் தங்கலுக்கு மருத்துவக் காரணம் இல்லை என்று சொல்லி முழுக் கிளைமையும் மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் செலவு?

ஒரு சேர்க்கைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும், அதுவும் பெரும்பாலும் சிறிய தொகை. ரசீது கேட்டு வாங்குங்கள். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, அங்கே இல்லாத வசதிக்காக மாற்றுகிறோம் என்று டாக்டர் எழுதிய கடிதம் அவசியம்.

கேஷ்லெஸ் அப்ரூவல் வந்துவிட்டது. இனி கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம் அல்லவா?

இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவரின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் வருவது தொடக்க அனுமதி மட்டும். மதிப்பீட்டில் ஒரு பகுதிக்குத்தான் அது. சிகிச்சை நீள நீள, மருத்துவமனை கூடுதல் தொகை கேட்டு அனுப்பும், டிஸ்சார்ஜ் அன்று இறுதி பில் போகும். இந்தியாவில் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. பதில் வரவில்லையே என்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் இந்த நேரக்கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் பையிலிருந்து போகும் பணம் நாலைந்து வழியாகப் போகும். டிடக்டிபிள் என்றால் முதல் இவ்வளவு உங்களுடையது, அதற்கு மேல்தான் கம்பெனி தொடங்கும். கோ-பே என்றால் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கு உங்களுடையது. 20 சதவீத கோ-பே, ஏற்கத்தக்க பில் 3 லட்சம் என்றால் 60,000 நீங்கள் கட்ட வேண்டும். கையுறை, முகக்கவசம், பதிவுக் கட்டணம் என்று ‘தர மாட்டோம்’ பட்டியல் ஒன்றும் உண்டு. தனித்தனியே பார்த்தால் சில்லறைதான். ஐசியூவில் பத்து நாள் என்றால் அதுவே நல்ல தொகையாகிவிடும்.

எல்லாவற்றையும்விட வலிப்பது ரூம் ரென்ட் விஷயம். உங்கள் பாலிசி நாளொன்றுக்கு 5,000 வரைதான் அறை வாடகை தருகிறது என்று வையுங்கள். அவசரத்தில் 10,000 அறை எடுத்துவிட்டீர்கள். மிச்சம் 5,000ஐ நாமே கட்டிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. அறை உயர்ந்தால் டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், நர்ஸிங் எல்லாமே உயர்த்திப் போடும் மருத்துவமனைகளில், அந்தக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 5,000க்கு 10,000 என்றால் பாதி. அவை மொத்தம் 2 லட்சம் ஆகியிருந்தால் 1 லட்சம்தான் வரும். மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவி, பரிசோதனை, ஐசியூ கட்டணம் ஆகியவற்றுக்கு இந்த விகித வெட்டு கூடாது என்பது இந்திய விதி. அப்படியிருந்தும் வெட்டியிருக்கிறார்களா என்று இறுதிக் கணக்கைப் பாருங்கள். சேர்க்கும்போது ‘எந்த ரூம் வேண்டும்?’ என்று கேட்டால், ‘என் பாலிசியில் எதுவரை உண்டோ அந்த ரூம்’ என்று சொல்லிவிடுங்கள். அந்த அறை காலி இல்லை, அதனால் உயர்ந்த அறை கொடுத்தோம் என்றால் அதையும் எழுதி வாங்குங்கள்.

பாலிசி எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருக்கிறது. மறுத்துவிடுவார்களா?

தொடக்கத்தில் 30 நாள் போன்ற காத்திருப்புக் காலம் வழக்கம். விபத்துக்கு அது பொருந்தாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதைவிட நீண்ட காத்திருப்பு. இந்தியாவில் இப்போது அதன் உச்சவரம்பு 36 மாதம். அவசரம் என்பதாலேயே காத்திருப்புக் காலம் ரத்தாகிவிடாது. இது கசப்பானது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது.

விண்ணப்பத்தில் நோயைச் சொல்லாமல் விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சொல்லியிருந்தால் காத்திருப்புக் காலம் முடிந்ததும் கிடைத்திருக்கும். மறைத்ததால் பாலிசியே ரத்தாகலாம். ஏஜென்ட் ‘அதெல்லாம் போட வேண்டாம்’ என்று சொன்னார் என்பது பிறகு எடுபடாது, கையெழுத்து உங்களுடையது. இந்தியாவில் 60 மாதம் விடாமல் பாலிசி தொடர்ந்திருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது.

உண்மையையே சொன்னவர்களும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. நான் நேரில் பார்த்தது. மயங்கி விழுந்த ஒரு பெரியவரை அக்கா மகன் கொண்டுவந்து சேர்த்தார். பயிற்சி டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: ‘சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?’ அந்தப் பையனுக்குத் தெரியாது. ‘ஒரு பத்து வருஷம் இருக்கும் டாக்டர்’ என்றார். கேஸ் ஷீட்டில் ‘சர்க்கரை நோய், 10 ஆண்டுகள்’ என்று ஏறியது. உண்மையில் கண்டுபிடித்து மூன்று ஆண்டுதான். பாலிசிக்கு வயது நான்கு. பாலிசி எடுத்தபோதே நோய் இருந்திருக்கிறது, மறைத்துவிட்டார் என்று கடிதம் வந்தது. பெரியவரின் மனைவி வீட்டு அலமாரியைக் கவிழ்த்துத் தேடி, பாலிசி எடுத்த வருடத்துச் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்தார். இயல்பான அளவு. கூடவே குடும்ப டாக்டரின் கடிதம். அதன் பிறகுதான் பணம் வந்தது, அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. தெரியாததைக் கேட்டால் ‘எனக்குச் சரியாகத் தெரியாது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. பழைய ரிப்போர்ட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.

விபத்து என்றால் வேறு என்ன பேப்பர் தேவை?

மருத்துவமனை அதை மெடிகோ லீகல் (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய) வழக்காகப் பதிவு செய்யும். அந்தப் பதிவின் நகலும், போலீஸ் புகார் இருந்தால் அதன் நகலும் வேண்டும். எப்படி அடிபட்டது என்பதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொல்லுங்கள். ஒரு பேப்பரில் ‘படியில் வழுக்கி’, இன்னொன்றில் ‘வண்டியிலிருந்து விழுந்து’ என்று இருந்தால் விசாரணைக்கு ஆள் வரும். மது அருந்தியதால் நேர்ந்த காயத்தைப் பல பாலிசிகள் விலக்குகின்றன. மூச்சில் வாடை என்று மட்டும் எழுதி, ரத்தத்தில் அளவு பார்க்காமல் விட்டிருந்தால் அதை எதிர்த்து வாதிட இடம் உண்டு.

வெளிநாடு போன இடத்தில் உடம்பு சரியில்லாமல் போனால்?

உள்ளூர் பாலிசி பெரும்பாலும் எல்லை தாண்டாது, பயணக் காப்பீடு தனியாக வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு அவசர சிகிச்சை, சேர்க்கை, தாயகம் திருப்பி அனுப்புதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது 30,000 யூரோ பாதுகாப்பு கட்டாயம். ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் தம் ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டையை வைத்து இன்னோர் உறுப்பு நாட்டின் பொது மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். தனியார் மருத்துவமனைக்கும், ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவுக்கும் அந்த அட்டை உதவாது.

இங்கே மட்டும் போன் விஷயத்தில் என் அறிவுரை சற்று மாறும். நோயாளி டாக்டர் கைக்குப் போனதுமே பயணக் காப்பீட்டின் 24 மணி நேர உதவி எண்ணை அழையுங்கள். மருத்துவமனைக்குப் பணத்துக்கு உத்தரவாதம் தருவது அவர்கள்தான். விமானத்தில் ஊர் திரும்ப ஏற்பாடு செய்வதும் அவர்களாக இருக்க வேண்டும். நீங்களே டிக்கெட் போட்டுவிட்டுப் பிறகு கேட்டால் சிக்கல்.

கிளைமை மறுத்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. ‘முடியாது’ என்று போனில் சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த விதியைப் பாலிசியில் தேடிப் படியுங்கள். சிகிச்சை ஏன் உடனே தேவைப்பட்டது என்று டாக்டரிடம் அரைப் பக்கக் கடிதம் வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். அங்கேயும் தீராவிட்டால் வெளியே போகலாம். இந்தியாவில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரை விசாரிக்கிறார், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அமெரிக்காவில் மறுப்பு வந்த 180 நாளுக்குள் உள்முறையீடு செய்யலாம். நோயாளி இன்னும் சிகிச்சையில் இருந்து, விஷயம் அவசரம் என்றால் 72 மணி நேரத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

எத்தனையோ பேர் முதல் கடிதத்தைப் பார்த்ததும் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மறுப்புகளில் கணிசமானவை ஒரு பேப்பர் இல்லாததால், அல்லது ஒரு வார்த்தை தவறாக எழுதப்பட்டதால் வருபவை. அவற்றைத் திருத்த முடியும்.

ஊரில் அப்பா அம்மா மட்டும் இருக்கிறார்கள், நான் தொலைவில். இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

ஒரு தாள் எழுதுங்கள். பெரிய எழுத்தில், அவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்கு. மேலே ஆம்புலன்ஸ் எண். அடுத்து, பக்கத்து வீட்டில் சாவி வைத்திருப்பவரின் எண். பாலிசி எண், கம்பெனியின் எண், எவ்வளவு வாடகை வரை அறை எடுக்கலாம் என்ற ஒரே ஒரு தொகை. பிறகு, ஒவ்வொருவருக்கும் என்னென்ன நோய், எந்த வருடம் கண்டுபிடித்தது, இப்போது என்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. நெட்வொர்க்கில் உள்ளவற்றில், ராத்திரியிலும் இதய டாக்டர் இருக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளின் பெயர்களைப் போன் செய்து உறுதிப்படுத்திய பின் சேருங்கள்.

அதை அலமாரி ஃபைலுக்குள் வைக்காதீர்கள், கதவுக்குப் பின்புறம் ஒட்டுங்கள். ஒரு படம் எடுத்து உங்கள் போனிலும், பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் வையுங்கள். பாலிசியைப் புதுப்பிக்கும் நாளில் பழையதைக் கிழித்துவிட்டு புதுத் தாள் ஒட்டுங்கள், மாத்திரைகள் அதற்குள் மாறியிருக்கும்.